தில்பசந்துக்கு ஒரு சட்டம்

சட்டம் தெரிந்தவனை எவனும் ஏமாற்ற முடியாது. அன்று காலை என் வீட்டு கேட்டில் நின்றபடி அப்படி ஒரு முடிவுக்கு வந்தேன்.

நான் படித்தவன் இல்லை. சிப்காட் கம்பெனிகள் கழித்துக்கட்டும் பழைய லேத் மெஷின்களை வாங்கி விற்பவன். பேரத்தில் என்னிடம் மாட்டியவன் போட்ட சட்டையோடு வீடு திரும்பினால் அவன் அதிர்ஷ்டக்காரன். ஆனால் வீட்டுக்குள் ஒரு மர்மம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

எனக்குச் சர்க்கரை. இருந்தாலும் பாகலூர் ரோட்டு பேக்கரியில் திருட்டுத்தனமாகத் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் தின்பேன். வாயைத் துடைத்து, சட்டையை உதறி, பாக்கும் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் கால் வைப்பேன். என் மனைவி டெல்பின் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

“தில்பசந்த் சூடா இருந்துச்சா?”

“யார் சொன்னா?”

“தெரியும்.”

“அதான் எப்படி?”

“இன்னொரு தடவை தின்னீங்க, மூணு வேளையும் களிதான். தொட்டுக்கக்கூட ஒண்ணும் கிடையாது.”

வாசனையா? சட்டையில் துணுக்கா? என் போன் என்னையே ஒட்டுக்கேட்கிறதா? கடைசியில் சந்தேகம் பக்கத்து வீட்டு சௌந்தரராஜன் மேல் விழுந்தது. கம்பெனி ஆபீசர். கேட்டிலேயே மடக்கினேன்.

“சார், என்னைப் போட்டுக்கொடுக்கிறது நீங்கதானே?”

“எனக்கு வேற வேலை இல்லையா? பேக்கரில உங்க நம்பர் கொடுத்தீங்களா?”

“நானா? என் நம்பரை எவனுக்கும் கொடுத்ததில்ல! நம்பர் சொன்னாத்தான் தள்ளுபடிம்பான். வாயில வந்த வேற நம்பரைச் சொல்லித் தள்ளுபடியையும் வாங்கிடுவேன்.”

“கெட்டிக்காரர்தான். இப்ப சட்டமே வந்துருச்சு. எங்க கம்பெனில கிளாஸே எடுத்தாங்க. உங்க விவரத்தை உங்க சம்மதம் இல்லாம எந்தக் கம்பெனியும் வெச்சுக்கக் கூடாது. அழின்னா அழிக்கணும். மீறினா கோடிக்கணக்குல அபராதம்.”

கோடி! நேரே அடுப்படிக்குப் போனேன்.

“டெல்பின்! நான் என்ன தின்றேங்கிறது என் சொந்தத் தகவல். என் சம்மதம் இல்லாம நீ வெச்சிருக்கே. கோடிக்கணக்குல அபராதம்!”

“கட்டிடறேன். உங்க பாக்கெட்லேருந்துதானே?” என்றவள், ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். “அண்ணா, அந்தச் சட்டம் புருஷன் பெண்டாட்டிக்கும் உண்டா?”

“இல்லம்மா! சொந்த வீட்டு விஷயத்துக்கு அது செல்லாது!”

இந்த மனுஷன் யார் பக்கம்? போகட்டும். வீட்டில் செல்லாத சட்டம் பேக்கரியில் செல்லுமே! தகவல் அங்கேயிருந்துதான் கசிய வேண்டும். வண்டியை முறுக்கினேன்.

“ஏனாயித்து அண்ணா?” என்றார் கல்லாவில் இருந்த கன்னடக்காரர்.

“என்ன ஆச்சா? என் விவரம் இங்கேருந்துதான் வெளியே போகுது. எல்லாத்தையும் அழி! இல்லேன்னா கோடி எடுத்து வை!”

பன்னைக் கடித்தவர்கள் மெல்லுவதை மறந்து பார்த்தார்கள். மனுஷன் வெலவெலத்துப்போய்க் கம்ப்யூட்டரைத் தட்டினார். ஜெயித்த குஷியில் ஒரு தில்பசந்த் சொன்னேன். அதற்கும் பில் தட்டினார்.

“அழிச்சிரலாம் அண்ணா. உங்க நம்பருக்கு ஓடிபி போயிருக்கு. ஹேளி, சொல்லுங்க.”

போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

“எந்த நம்பருக்கு அனுப்பினே?”

“நீங்க எப்பவும் சொல்ற நம்பர்தான். பில்லெல்லாம் அதுக்குத்தானே போகுது?”

வாயிலிருந்த தில்பசந்த் அப்படியே நின்றது. வாயில் வந்த வேற நம்பர்! என் நம்பரை விட்டால் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்திலேயே ஒன்றுதான்.

அந்த நம்பரிலிருந்து போன் வந்தது.

“ஏங்க, ஓடிபி வந்திருக்கு. பின்னாலயே தில்பசந்த் பில்லும் வந்திருக்கு. அவசரமில்ல, மெதுவா மென்னு தின்னுட்டு வாங்க. களிக்கு உலை வெச்சுட்டேன்.”