ஆறுமணிக்குருவி ஏழரைக்குக் கூவிய கதை

ஒரு காட்டில், ஓடைக்கரையில், முள் பின்னிக் கிடந்த ஒரு காரைப்புதரில் செம்போத்து ஒன்று சம்சாரத்தோடும் மூன்று குஞ்சுகளோடும் குடியிருந்தது. காலையில் செம்போத்தைப் பார்த்துவிட்டுப் போனால் போன காரியம் கைகூடும் என்று அந்த வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை. மானும் முயலும் மெனக்கெட்டு வந்து பார்த்துவிட்டுப் போகும். செம்போத்து தன்னைத் தானே எப்படிப் பார்த்துக்கொள்ளும்? ஊருக்கெல்லாம் நல்லது நடந்தது. அதற்கு மட்டும் ஒரு காரியமும் உருப்படியாக நடந்ததில்லை.

இந்த முறை தலையில் இடியே விழுந்தது. யானைகள் தண்ணீருக்குப் போக ஒரு பைபாஸ் வேண்டுமாம். அது காரைப்புதரின் நட்டநடுவே வருகிறதாம். குஞ்சுகளுக்கோ இன்னும் இறக்கை சரியாக முளைக்கவில்லை.

சிங்கராஜா நியாயஸ்தர். அதாவது, எதைச் செய்தாலும் ஒரு கணக்கெடுப்பு நடத்திவிட்டுத்தான் செய்வார். "அந்தப் புதரில் என்னென்ன பறவை இருக்கிறது என்று பதிவு செய்யுங்கள். அரிய பறவை ஒன்றாவது இருந்தால் பைபாஸ் சுற்றிப் போகட்டும்" என்று உத்தரவு போட்டார்.

செம்போத்து அரிய பறவை இல்லை. அங்கே இருந்த தவிட்டுக்குருவியும் அரிய பறவை இல்லை. காக்கை இல்லவே இல்லை. தினமும் கண்ணில் படுகிறவர்களை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்பது அரசாங்கத்தின் எண்ணம். நல்லவேளையாக, புதரின் அடியில் ஒரு வடக்கத்தி விருந்தாளி தங்கியிருந்தது. அதுதான் ஆறுமணிக்குருவி. பனிக்காலத்துக்கு மட்டும் வரும். உடம்பில் ஒன்பது வர்ணம், நடையில் ஒரு மிடுக்கு. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூவும். மற்ற நேரமெல்லாம் வாய் திறக்காமல், வெளிச்சத்துக்கே வராமல், சருகைக் கிளறிக்கொண்டு கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காது. ஆனால் அரிய பறவை என்று அரண்மனையே ஒப்புக்கொண்ட பறவை அது.

"அண்ணாச்சி கூவுனாப் போதும், நாம பொழைச்சோம்" என்று செம்போத்து சம்சாரத்தைத் தேற்றியது.

கணக்கெடுப்பு நாள் வந்தது. ஆறுமணிக்குருவி டாண் என்று ஆறு மணிக்குக் கூவியது. கேட்கத்தான் ஆளில்லை. கணக்கெடுப்பு அதிகாரியான கரடி வழியில் இலுப்பைப் பூ உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து, டிபனை முடித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டது. அதற்கு உதவியாளர் ஒரு கீரி. பறவைகள்மீது, குறிப்பாக முட்டைகள்மீது, நெடுநாள் ஆர்வம் கொண்டது. இருவரும் ஏப்பம் விட்டபடி புதருக்கு வந்தபோது மணி ஏழரை.

கரடி பைனாகுலரைத் துடைத்துக்கொண்டது. "எழுதிக்க. காக்கை, தவிட்டுக்குருவி, செம்போத்து. அம்புட்டுத்தான். கிளம்புவோம்."

செம்போத்து விழுந்தடித்துக்கொண்டு புதருக்கடியில் ஓடியது.

"அண்ணாச்சி, ஒரே ஒருதரம் கூவுங்க. அதிகாரி வந்துட்டாரு."

"மணி ஏழரை" என்றது ஆறுமணிக்குருவி, சருகிலிருந்து தலையைத் தூக்காமல். "எங்கள் வம்சத்தில் ஆறு மணி தாண்டிக் கூவியவர் யாரும் இல்லை."

"புள்ளைக இன்னும் பறக்கல அண்ணாச்சி!"

"அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நேரம் என்றால் நேரம்தான்."

சம்சாரம் கெஞ்சவில்லை. மேல் கிளையிலிருந்து எட்டிப் பார்த்து, "புதரு போனா சருகு இருக்காது. சருகு போனா புழு இருக்காது. அப்புறம் வம்சத்தைத்தான் கொறிக்கணும்" என்றது.

ஆறுமணிக்குருவி சருகிலிருந்து தலையைத் தூக்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, ஏழரை மணிக்குக் கூவியது.

கரடி துள்ளிக் குதித்தது. "ஆறுமணிக்குருவி! எழுதுடா!" உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்து முகத்தைச் சுருக்கியது. "இரு, இரு. ஆறுமணிக்குருவி ஏழரைக்கு எப்படிக் கூவும்?"

"குரல் அதுதானே ஐயா?" என்றது கீரி.

"குரல் அதுதான். மணி அது இல்லையே."

மானம் போயும் பலனில்லை என்றதும் ஆறுமணிக்குருவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்டவெளியில் வந்து நின்று, "நான்தான்! நன்றாகப் பாருங்கள்!" என்று கத்தியது.

கரடி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. "வர்ணம் ஒன்பதும் சரி. வால் குட்டை, அதுவும் சரி. ஏழரைன்னு எழுதினா ராஜா என்னைக் காறித் துப்புவாரே."

கரடிக்கும் ஓர் அரிய பறவையைக் கண்டுபிடித்த பேர் வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. பறவையின் பெயரை மாற்ற ராஜாவின் கையெழுத்து வேண்டும். மணியை மாற்றக் கடிகாரத்தின் திருகைத் திருகினால் போதும். திருகியது.

"எழுதிக்க. மணி சரியா ஆறு."

புதர் தப்பியது. பைபாஸ் இலந்தைக் காட்டைச் சுற்றிப் போகும் என்று முடிவாயிற்று. செம்போத்து அன்றைக்கு ஆனந்தத்தில் ஒரு நத்தையைக்கூடத் தின்னாமல் கிடந்தது.

காட்டுக்கே ஒரே கடிகாரம் கரடி கையில் இருந்ததுதான். ராஜாவும் அந்த மணிப்படியே எழுந்தார்; இன்னும் கொஞ்சம் தூங்கக் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். மறுநாள் விடியும்போது ஆறுமணிக்குருவி எப்போதும்போல் கூவியது. கரடி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"மணி நாலரை! யாருடா அது நாலரைக்குக் கத்துறது? இன்னொருதரம் கேட்டேன், அரிய பறவைங்கிற பட்டத்தைப் பிடுங்கிருவேன். பைபாஸ் இந்தப் பக்கமே வரும்."

அதிலிருந்து செம்போத்துக்குப் புது வேலை. இருள் பிரியும் முன்பே புதருக்கடியில் இறங்கி, தன் செந்நிற இறக்கையால் ஆறுமணிக்குருவியின் அலகைப் பொத்திக்கொண்டு உட்காரும். வெயில் ஏறி, கரடி கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டியதும் இறக்கையை எடுக்கும். சாயங்காலமும் இதே கதைதான். உள்ளே அந்த அலகு துடிப்பது தெரியும். செம்போத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக இறக்கையை எடுத்துவிட முடியுமா? மூன்று பிள்ளைகள் இருக்கின்றனவே.

யானைகள் இலந்தைக் காட்டுப் பக்கம் நடந்து நடந்து பாதை போட்டு முடித்தன. குஞ்சுகளும் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. கடைசிக் குஞ்சு பறந்த மறுநாள் விடியலில் செம்போத்து இறக்கையை எடுத்துக்கொண்டது.

"ரொம்ப உபகாரம் அண்ணாச்சி. இனி உங்க இஷ்டப்படி கூவுங்க."

ஆறுமணிக்குருவி கழுத்தை நிமிர்த்தியது. அலகைத் திறந்தது. மூடியது. கிழக்கே பார்த்தது, கரடியின் குகைப் பக்கம் பார்த்தது. பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் முகத்தை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்துக் கேட்டது:

"இப்போது மணி என்ன?"

நீதி: நேரம் தவறாமை மிக நல்ல குணம். கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கடைப்பிடிக்கவும்.