சூடான அறையில் ஒரு குளிர்காலப் பரிசோதனை

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த மகத்தான காரியம், எங்கள் வன அலுவலகம் 'குளிர்கால பேட்டரித் தேர்வுக் குழு' அமைத்ததுதான். அதன் செயலாளர் அடியேன் என்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையே அப்படித்தான்.

காட்டில் மரங்களில் கட்டிய கேமராக்கள், எதிரே ஏதாவது அசைந்தால் தாமாகவே படம் பிடிக்கும். பனி விழத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிவிட்டன. வனக்காவலர் வந்து நின்றார்.

"சார், சாதா பேட்டரி குளிர் தாங்கல. ரெண்டே நாள்ல படுத்துடுது. குளிர் தாங்குற லித்தியம் பேட்டரி குடுங்க. மேட்டுப் பாதையில ஒரு சிறுத்தை குட்டி போட்டிருக்கு. கண்ணி வைக்கிறவனுங்க அங்கயே சுத்துறானுங்க. மூஞ்சி படத்துல விழுந்தாத்தான் பிடிக்க முடியும்."

"பறக்காதய்யா. எதையும் விஞ்ஞானபூர்வமா செய்யணும்" என்றார் குழுத் தலைவரான எங்கள் அதிகாரி.

உடனே பரிசோதனை தொடங்கியது. கூட்ட அறையில், ஹீட்டருக்குப் பக்கத்தில், இரண்டு கேமராக்கள். ஒன்றில் சாதா, மற்றதில் லித்தியம். மூன்று வாரம் அவற்றின் எதிரே அமர்ந்து தீவிரமாக 'ஆலோசித்தோம்'. இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்தன. பெரும்பாலான படங்களில் நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம்.

காவலர் தலையைச் சொறிந்தார். "சார், வெளியில வெச்சுப் பாக்க வேணாமா?"

"வெளியிலயா? குளிருதேய்யா!"

"அதுக்குத்தானே சார்..."

"உறுப்பினருங்களுக்கு ஜலதோஷம் பிடிச்சா நீ பொறுப்பேத்துக்குவியா?"

அந்த மனிதாபிமானத்தைக் கண்டு நெகிழ்ந்துபோனோம். சாதாவே போதும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

காட்டுக் கேமராக்களில் புது சாதா பேட்டரி மாட்டிய பத்தாம் நாள் காவலர் மறுபடி வந்தார். ஒரு கம்பிக் கண்ணியை மேசைமேல் வைத்தார். அதில் ரோமம் ஒட்டியிருந்தது.

"தாய் போயிடுச்சு சார். குட்டிங்க அதையே சுத்திச் சுத்தி வருதுங்க."

அவர் குரல் உடைந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அறிக்கைப் படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

"வெச்சவன் படம் இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"எப்படி சார் இருக்கும்? கேமரா செத்து எட்டு நாளாச்சு."

"அப்ப ஆதாரம் இல்ல."

என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்: 'இக்குளிர்காலத்தில் வேட்டைச் சம்பவம் ஏதும் பதிவாகவில்லை.' மேலிடம் மகிழ்ந்து எங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. நியாயமாக அது வேட்டைக்காரர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். அவர்கள் கண்ணியை மட்டும்தான் வைத்தார்கள். மற்ற வேலையெல்லாம் எங்கள் குழுதான் செய்தது.