என் பம்புகளின் சத்தம் எங்கே போயிற்று, மச்சான்?

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரர் பணிவோடும் கொஞ்சம் மனத்தாங்கலோடும் எழுதுவது. இங்கே யாவரும் நலம், என் காதுகள் உட்பட. அங்கே அக்காவின் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் இரவல் கொடுத்த லேப்டாப்பைப் பற்றி ஒரு விஷயம் கேட்க வேண்டும். போனில் கேட்டால் கத்திவிடுவேன் என்று உங்கள் தங்கை சொன்னதால் கடிதமாக எழுதுகிறேன்.

தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் பம்பு ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, உள்ளே பேரிங் எப்போது போகும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் உத்தியோகம். "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று நீங்களே எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வந்த மேனேஜருக்கும் அதே சந்தேகம். "உங்க காதை நம்பி எவ்வளவு நாள் ஓட்டுறது? பர்ச்சேஸ்ல ஒரு சீட் காலியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த நேரத்தில்தான் இணையவழி மாநாடு ஒன்றில் பேச எனக்கு அழைப்பு வந்தது. "நானும் கேக்குறேன். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார் மேனேஜர். ஆக, என் நாற்காலி அந்த ஒரு பேச்சை நம்பித்தான் இருந்தது.

நான் எப்படித் தயாரானேன் என்று உங்கள் தங்கையைக் கேளுங்கள், வண்டி வண்டியாகச் சொல்வாள். பம்பின் சத்தம் சுத்தமாகப் போய்ச் சேர வேண்டுமே என்று ஃபேனை நிறுத்தினேன், மிக்ஸியைப் பரண்மேல் ஏற்றினேன், ஃப்ரிட்ஜ் ஹூம் என்று முனகுகிறதே என்று அதையும் அணைத்தேன், ஐஸ் உருகிச் சமையலறையெல்லாம் தண்ணீர், அதைத் துடைக்கிற வாளிகூடச் சத்தம் போடக் கூடாது என்றேன், அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள். பேச்சும் மனப்பாடம். ஸ்பீக்கரை மைக் பக்கத்தில் வைத்து, எங்கள் நிலையத்தில் பதிவு செய்த சத்தங்களில் முதலில் ஒரு நல்ல பம்பு, அடுத்து கெட்டுப்போக ஆரம்பித்த பம்பு, இரண்டையும் ஓடவிட்டு வித்தியாசத்தைக் கேட்க வைப்பது என் திட்டம்.

அன்றைக்கு முன்னுரை அமோகம். மேனேஜர் பெயரும் திரையில் தெரிந்தது. நல்ல பம்பைப் போட்டேன். "ஏதாவது சத்தம் வருதா?" என்று கேட்டேன். திரையின் ஓரத்தில் "வரலை", "வரலை" என்று வரிசையாக விழுந்தது. "நல்ல பம்புன்னா அப்படித்தான், கரகரன்னு ஒண்ணும் வராது" என்று மெச்சிக்கொண்டேன். அடுத்து கெட்ட பம்பு. "இப்ப வருதா?" மறுபடியும் "வரலை". எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்பீக்கரை முழுசாகத் திருகினேன், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அப்போதும் "வரலை". வந்ததே கோபம், மச்சான். "எல்லாரும் இன்ஜினியர்தானே? உங்களை நம்பியா ஊருக்குத் தண்ணி விடுறாங்க? காதை நல்லாத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க" என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். பயந்துபோன ஒருவர் "லேசா வருது சார்" என்று போட்டார். "இவருக்குத்தான் காதுன்னு ஒண்ணு இருக்கு" என்றேன். உடனே இன்னும் நாலைந்து பேர் "ஆமா சார், எங்களுக்கும்" என்று சேர்ந்துகொண்டார்கள். நானும் நம்பி மேலே மேலே பேசிக்கொண்டு போனேன்.

பக்கத்து அறையில் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் தங்கை கதவைத் திறந்தாள். "என்னங்க, நீங்க திட்டுறது மட்டும்தான் கேக்குது. பம்பு வாயே திறக்கலை." அது மட்டும் மாநாடு முழுக்க மணிமணியாகக் கேட்டது. "இப்ப தெளிவா இருக்கு சார்" என்று பாராட்டு வேறு. மாநாட்டை நடத்திய அம்மாள்தான் மெதுவாகச் சொன்னார்: "சார், பின்னணி இரைச்சலை நீக்குற வசதி உங்க கம்ப்யூட்டர்ல ஆன்ல இருக்கு. பம்பை இரைச்சல்னு நினைச்சு எடுத்துடுச்சு." நேரமும் முடிந்துவிட்டது. மேனேஜர் பெயர் எப்போது மறைந்தது என்று நான் கவனிக்கவில்லை. "இந்த வீட்ல என் பேச்சு முழுசாக் கேட்டது இன்னைக்குத்தான்" என்று உங்கள் தங்கைக்கு ஒரே சந்தோஷம்.

அதை ஆன் செய்தது நீங்கள்தானே, மச்சான்? மறைக்க வேண்டாம். அவமானம் தாங்கவில்லை என்றாலும் எனக்கு ஒரு சந்தேகம், ராத்திரிச் சாப்பாடுகூட இறங்கவில்லை. எது பேச்சு, எது இரைச்சல் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? இருமிப் பார்த்தேன், எடுத்துவிட்டது. பாடினேன், பாதியை எடுத்துவிட்டது. எந்தப் பாதி என்று கேட்டால் உங்கள் தங்கை சிரிக்கிறாள். எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? உங்களுக்குத் தெரியுமா?

எப்படியோ, எல்லாம் போயிற்று. பர்ச்சேஸுக்குப் போகச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி போல்ட்டுக்கும் நட்டுக்கும் விலை கேட்டுக் காலம் தள்ள வேண்டியதுதான். லேப்டாப்பைத் திருப்பி அனுப்புகிறேன். அந்தப் பாழாய்ப்போன வசதியை முதல் வேலையாக அழித்துவிடுங்கள், இன்னொரு மனிதன் குடி கெடக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், நல்ல காதோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரர்

பின்குறிப்பு: லேப்டாப்பைக் கட்டுவதற்கு முன், எவ்வளவு அசிங்கப்பட்டேன் என்று தெரிந்துகொள்ள அந்தப் பேச்சின் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டேன். நான் மெச்சிய நல்ல பம்பை ஓடவிட்ட இடம் வந்தது. இரைச்சலை எடுத்தபின் ஒன்றும் இருக்கக் கூடாது. ஆனால் அடியில், மெல்லிசாக, டிக், டிக் என்று ஒன்று இருந்தது. போட்டது போட்டபடி நிலையத்துக்கு ஓடி, மேனேஜரைக் கெஞ்சி அந்தப் பம்பைப் பிரிக்கவைத்தேன். பேரிங் வளையத்தில் விரிசல். பம்பின் இரைச்சலோடு சேர்ந்து ஓடியபோது அது என் காதுக்கும் தப்பிவிட்டது, இதை உங்கள் தங்கையிடம் சொல்ல வேண்டாம். மேனேஜர் விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இரைச்சலை அது எடுத்துடும் சரி, மிச்சத்தைக் கேக்க ஆள் வேணுமே" என்று என் சம்மதக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். லேப்டாப் இப்போதைக்கு வராது. ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தில் வணக்கத்தையும் ஆசிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளதை எல்லாம் இரைச்சல் என்று நீக்கிவிடவும்.