நூற்றுக்குப் பூஜ்யம்

"நூத்துக்கு அஞ்சுதான் அசையுது," என்று ஆய்வகக்காரம்மா சொன்னதும் ஏசி மெக்கானிக் ரிப்போர்ட்டை வாங்கி இன்னொரு தரம் பார்த்தான். ஆபரேஷனுக்கு முன்னால்கூட இருபது அசைந்ததே!

ஐந்து வருடமாகக் குழந்தைக்கு ஏங்கியவன். குறை தன்னிடம்தான் என்று தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். டாக்டர் படம் போட்டே விளக்கியிருந்தார். விதைப்பையில் ரத்தக் குழாய் புடைத்துச் சூடு தேங்குகிறது. அந்தச் சூட்டில், ஒவ்வொரு உயிரணுவின் கழுத்திலும் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்கிற குட்டி என்ஜின் படுத்துவிடுகிறது. என்ஜின் படுத்தால் உயிரணு எப்படி நீந்தும்?

மெக்கானிக்குக்கு ஒன்று மட்டும் பளிச்சென்று புரிந்தது. சூடுதான் எதிரி. சூட்டை விரட்டுவதுதான் அவனுக்குச் சோறு போடும் தொழில். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு விந்து சாம்பிள் டப்பாவை ஐஸ் கட்டி சுற்றி எடுத்துப் போனான். ஐந்துதான் வந்தது என்றால் குளிர் போதவில்லை என்று முடிவு கட்டினான்.

மனைவியிடம் நாற்பது என்று அளந்துவிட்டான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவனுக்கு அழுகையே வந்தது.

அடுத்த மாதம், மருந்து வைக்கும் குளிர்பெட்டி ஒன்றை வாங்கி, இரண்டு நாள் மெனக்கெட்டு நான்கு டிகிரிக்கு இறக்கினான். ரிசல்ட் பூஜ்யம். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றார். வீட்டில் எழுபது என்று சொல்லிவைத்தான். மாமியார் பெயர் தேடவே ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் தடவை பெட்டி பூஜ்யத்துக்கும் கீழே போனது. ஒரு வாரமாக வயிற்றைப் புரட்டுகிறது என்று மனைவியும் கூட வந்தாள். டாக்டர் அவளை எதிரே இருந்த ஸ்கேன் அறைக்கு அனுப்பினார்.

பெட்டியைத் திறந்த ஆய்வகக்காரம்மா விரல் விறைத்துக் கையை உதறினார்.

"என்னங்க இது?"

"சூடு ஆகாதுன்னு டாக்டர்தானே மேடம் சொன்னார்."

"அது உள்ள இருக்கிற வரைக்கும். வெளியே எடுத்துட்டா உடம்புச் சூட்டோட, சட்டைக்குள்ள வச்சுக் கொண்டு வரணும். இதுல கெடந்தா எதுங்க நீந்தும்? போன தடவையும் இப்படித்தானா?"

"முதல் தடவையும்தான் மேடம், ஐஸ் கட்டியோட."

அப்படியானால் ஆபரேஷன் பலித்ததா இல்லையா என்று ஒருத்தருக்கும் தெரியாது. எழுபது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. இனிமேலும் பூசி மெழுக அவனுக்கு மனசு வரவில்லை.

ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. மனைவி கண் கலங்கி நிற்பதைக்கூடக் கவனிக்காமல் கொட்டித் தீர்த்தான்.

"நாப்பதும் பொய், எழுபதும் பொய். என்னை மன்னிச்சுடும்மா. ரிப்போர்ட்ல ஒண்ணுகூட அசையல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலேயே ஸ்கேன் தாளோடு வந்த நர்ஸ்தான் பதில் சொன்னாள்.

"உள்ள ஒண்ணு நல்லாவே அசையுதே சார். ஒம்பது வாரம்."