உன் அத்தான் பைக் பார்க்கும் லட்சணம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், பிள்ளைகள் சௌக்கியம், உன் அத்தான் முழங்காலில் கட்டுடன் சௌக்கியம். அங்கே உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். முறையாக விசாரித்தாகிவிட்டது. இனி உன்னைத் திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி.

அவர் வேலை பார்க்கிற, சீருடை தைக்கும் கம்பெனியை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டது உனக்குத் தெரியும். ஒரு பஸ் பிடித்து, இறங்கி இன்னொரு பஸ் பிடித்து இவர் போய்ச் சேருவதற்குள் மற்றவர்கள் பாதிச் சட்டையை முடித்துவிடுகிறார்கள். "இந்த மாசத்தோட சரி மாஸ்டர். நேரத்துக்கு வர முடியலன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மனிதருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அப்போதுதான் புண்ணியவான் நீ போனில் வந்தாய். "சின்னதும் வேணாம், பெருசும் வேணாம் அத்தான், நடுவாந்தரமா ஒரு பழைய பைக்காப் பாருங்க. பழகும்போது கீழ போட்டாலும் மனசு வலிக்காது" என்று திருவாய் மலர்ந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

மறுநாளே கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் வண்டிக்காரர் எஞ்சின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், இவர் குனிந்து சீட்டின் அடியைத் தடவிக்கொண்டிருக்கிறார். "தையல் பிரிக்கவே இல்ல. அப்போ வண்டி ஒரு தடவகூட விழுந்திருக்காது" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை என்று நான் சொன்னதற்கு, "அது சின்ன ரிப்பேரு" என்றார். இரண்டாவது வண்டி ஸ்டார்ட் ஆனது, இவர் கால்தான் தரைக்கு எட்டவில்லை. "லேசா சாஞ்சுக்கோங்க சார்" என்றார் விற்கிறவர். இவர் சாய்ந்தார், வண்டியும் சாய்ந்தது, பக்கத்தில் நிறுத்தியிருந்த சைக்கிள்கள் எல்லாம் வரிசையாகச் சாய்ந்தன. ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தது யார் என்று நினைக்கிறாய்?

மூன்றாவது வண்டி ஒரு நர்ஸம்மாவுடையது. தெருமுனை மெக்கானிக் வந்து செயின், டயர், பேப்பர் எல்லாம் பார்த்து, "கண்ண மூடிட்டு வாங்குங்க" என்றார். உயரம் மட்டும் ஒரு பிடி அதிகம். உன் அத்தான் என்ன செய்தார் தெரியுமா? "சீட்டை மட்டும் கொஞ்சம் பாத்துட்டுத் தரேம்மா" என்று கழற்றி வாங்கிவந்து, நம் சாப்பாட்டு மேஜையில் போட்டு உறையைப் பிரித்து, ஸ்பாஞ்சைச் செதுக்க ஆரம்பித்துவிட்டார். வாங்காத வண்டியின் சீட்டடா! இடது பக்கம் கூடிப்போனது என்று அதில் கொஞ்சம், வலது பக்கம் கூடிப்போனது என்று இதில் கொஞ்சம். நடுவில் வாசலில் நர்ஸம்மா சீட் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறார். "சார், என் சீட் எங்க? டூட்டிக்கு நேரமாச்சு." இவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாளைக்குச் சாயங்காலம் வாங்கம்மா, ட்ரயல் பாத்துடலாம்" என்கிறார். அந்த அம்மா சிரித்துவிட்டார், அதனால் பிழைத்தோம். நம் வீட்டுப் போர்வையை மடித்து வண்டியில் கட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனார். புது சீட் வாங்கிக் கொடுத்து விலகிவிடலாம் என்று நான் சொன்னால், "என் அளவுக்குத் தெச்சத இன்னொருத்தருக்கு எப்படிடீ குடுக்கிறது?" என்கிறார் உன் அத்தான்.

லைசென்ஸ் கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது, இத்தனை நாளும் போட்டோவுக்காகத்தான் வைத்திருந்தார். ஆகவே நர்ஸம்மாவே மைதானத்தில் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். உன் அத்தானுடையதோ தையல் மெஷின் மிதித்த கால். அழுத்தினால் ஓடும், எடுத்தால் நிற்கும் என்றுதான் அதற்குத் தெரியும். பைக்கில் எல்லாம் தலைகீழ். கிளம்பும்போது பிரேக்கை அழுத்தி வண்டியை அணைக்கிறார், நிறுத்த வேண்டிய இடத்தில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு போகிறார். "அழுத்துங்க சார், அழுத்தினாத்தான் நிக்கும்!" என்று அந்த அம்மா பின்னால் ஓட, "எடுத்துட்டேம்மா, எடுத்துட்டேன்!" என்று இவர் முன்னால் போக, கடைசியில் வேலிதான் நிறுத்தியது.

சிரிக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறதடா. கைக்கு ஒன்று ஆகிவிட்டால் கத்தரியே பிடிக்க முடியாது. வேலை போனால் போகிறது, முழுசாக வீட்டுக்கு வந்தால் போதும். நான் சொன்னால் ஏறாது, நீ சொன்னால்தான் வேதவாக்கு. உடனே போன் போட்டு "பைக் வேண்டாம் அத்தான்" என்று சொல்லிவிடு.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தங்கள். உனக்கு ஆசீர்வாதத்தில் பாதிதான், மீதி நீ போன் செய்த பிறகு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: போன் செய்துவிடாதே. இந்தக் கடிதம் ஒரு வாரமாக என் பையிலேயே கிடந்தது. அதற்குள் வண்டி நம்முடையதாகிவிட்டது, இவர் காலுக்கும் எது பிரேக் என்று புரிந்துவிட்டது. இன்று காலையில், "ஏறு, போற வழியில தபால் பெட்டியில போட்டுடலாம்" என்றார். பயந்துகொண்டேதான் ஏறினேன். முன்பக்கம் பலகையாகச் செதுக்கிய மனிதர், பின்பக்கம் எனக்கென்று இன்னொரு அடுக்கு ஸ்பாஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். தபால் பெட்டி வந்ததையும் நான் கவனிக்கவில்லை, போனதையும் கவனிக்கவில்லை. இப்போது கம்பெனி வாசலில் காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அத்தான் உள்ளே போய்விட்டார், மேனேஜர்தான் இன்னும் வரவில்லை. எனக்குத் திரும்பிப் போக பஸ் இருக்கிறதாம், காவலாளி இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் சாயங்காலம் வண்டியிலேயே போய்க்கொள்கிறேன்.