தேயிலைப் பெட்டி பங்களா

"ஸ்க்ரூ வேண்டாம். ஆணிதான் வேணும்" என்றாள் மாடத்தி.

இசக்கிமுத்து கையில் பொட்டலத்தோடு நடுக்கதவில் நின்றான். மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படிக்கு நடந்து, மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி வந்த ஸ்க்ரூ.

"ஸ்க்ரூ போட்டா பலகை பிளக்காது புள்ள. சத்தமும் இருக்காது. உனக்கும் நிம்மதி."

"நான் சத்தத்தைப் பத்தி ஏதாவது சொன்னேனா? துரை பங்களாவுல எல்லாம் ஆணிதான். கொண்டை வரிசையா பளபளன்னு தெரியும். எனக்கு அதுதான் வேணும்."

நோயாளியிடம் என்ன வாக்குவாதம். பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டு சுத்தியலை எடுத்தான்.

இசக்கிமுத்துவுக்கு வேலை துறைமுக ஐலண்டில் ஒரு தேயிலைக் கிடங்கில். மூணாறிலிருந்து லாரியில் வரும் பிளைவுட் பெட்டிகளில் உடைந்தவற்றைத் தட்டிச் சரிசெய்து, ஓரத்துக்குத் தகரம் அடிக்க வேண்டும். முடித்த பெட்டி ஒன்றுக்கு சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு. நான்கு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே. இருபது வருஷம் கோடு போட்ட கை எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது.

மாடத்தி பதினாறு வருஷம் சுக்குக் கிடங்கில் சுண்ணாம்புத் தூசிக்குள் உட்கார்ந்து சுக்கு தேய்த்தவள். எழுபத்தெட்டு ஜனவரியில் பிடித்த இருமல் விடவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே இவங்களை வேலைக்கு அனுப்பாதீங்க" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே இசக்கிமுத்து அவள் கட்டிலுக்கு மேலே சுவரில் கோடு போடத் தொடங்கினான். ஓர் இருமலுக்கு ஒரு கோடு.

"எதுக்குங்க இது?"

"டாக்டர் கேட்டா கணக்கு சொல்லணும்ல."

டாக்டர் ஒருநாளும் கேட்கவில்லை. இவன் கோடு போடுவதை நிறுத்தவும் இல்லை. பகலில் அவன் வேலைக்குப் போய்விடுவான். இரவில் மருந்து அவளைத் தூங்க வைத்துவிடும். கோடெல்லாம் சாயங்காலத்துக் கோடுதான். முப்பதைத் தாண்டினால் அவனுக்குச் சோறு இறங்காது. நாற்பதைத் தாண்டினால் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் போய் நிற்பான். முதலில் குரைத்த டாக்டர் வீட்டு நாய், பிறகு வாலாட்டத் தொடங்கிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை நாற்பத்தாறு. நாற்பத்தேழாவது கோட்டுக்குச் சாக்பீஸைத் தூக்கியவன் அப்படியே சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். மாடத்தி படுத்தபடி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில்தான் அவள் மலை பங்களா கேட்டாள்.

"எங்கம்மா ஆயாவா இருந்துச்சே, மூணாறுல. லீவுக்கு வார துரைமாருக்குன்னு ஒரு பங்களா. நான் ஒரே ஒரு தடவை உள்ள போயிருக்கேன். சுத்தி மரச்சுவரு. மேலயும் பலகை. பாசி, பெரணிச் செடி எல்லாம் வீட்டுக்குள்ளயே. காடு நம்மளக் கட்டிப்பிடிச்ச மாதிரி கதகதன்னு இருக்கும். அப்படி ஒரு ரூம்ல படுத்தா நான் எந்திரிச்சிருவேங்க."

அவளை மலைக்கு ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலையை இறக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

"முன்ரூமுல செய்யுங்க. தூசி வரும், நடுக்கதவைச் சாத்திக்கிடுங்க. முடிஞ்சப்புறம் என் கட்டிலை அங்க மாத்துங்க."

கிடங்கு மேஸ்திரியிடம் கேட்டு, தேறாத பெட்டிகளைப் பிரித்துக் கட்டிக்கொண்டு வந்தான். வேலை விட்டு வந்ததும் சாயா குடிக்காமல் சுத்தியலை எடுப்பான். ஒரு வாரத்தில் ஒரு சுவர் முடிந்தது. அந்தச் சனிக்கிழமை அன்றைய கோடுகளைக் கூட்டிப் பார்த்தான். பதினொன்று.

நாற்பத்தாறு எங்கே, பதினொன்று எங்கே. இசக்கிமுத்து இன்னொரு முறை எண்ணினான்.

"மாடத்தி! மரம் வேலை செய்யுது புள்ள!"

"நான்தான் சொன்னேன்ல" என்றாள் அவள். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது சுவரில் சிக்கல் வந்தது. வரிசை வீடு. சத்தம் பொறுக்காமல் நாலு வீட்டுக்காரர்கள் போய்ச் சொல்ல, வீட்டுக்கார முகமது இஸ்மாயில் வந்து நின்றார். பெட்டிப் பலகையில் எல்லாம் எஸ்டேட் பெயர். 'ஈரம் படக் கூடாது' என்ற எழுத்து. 'இந்தப் பக்கம் மேலே' என்று தரையைக் காட்டும் அம்புக்குறி.

"எடா இசக்கி, இது என்னடா பங்களா? உள்ள வந்தா என்னையே பார்சல் பண்ணின மாதிரி இருக்கு."

"மலை வீடு மொதலாளி. இன்னும் முடியல."

"வரிசையில எல்லாரும் புகார் சொல்றாங்க. அந்தக் கமலாக்ஷி ஒருத்திதான் வாயத் தொறக்கல. அவளுக்கும் உனக்கும் ஒரே சுவரு. காது கேக்காதா அவளுக்கு?"

கமலாக்ஷிக்குக் காது நன்றாகவே கேட்கும். அடுத்த வீட்டில் தனியாக இருந்த மலையாளப் பெண். மாடத்தி படுத்திருந்த உள்ளறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சமையலறை. அவள் புகார் சொல்லாததற்கு இசக்கிமுத்து ஒரு காரணம் வைத்திருந்தான்: அவள் வீட்டுச் சத்தம் அவனுடையதைவிட மோசம். பீடி பற்றவைக்க அவன் சுத்தியலைக் கீழே வைத்தால் போதும், அந்தப் பக்கம் உரலில் உலக்கை விழ ஆரம்பித்துவிடும். டங், டங் என்று வீடே அதிரும். இவன் ஆணி அடிக்கத் தொடங்கினால் அது நிற்கும்.

"பட்டாளத்துக்கா புட்டு அவிக்கா இவ?" என்பான்.

"பாவம், மாவு இடிக்கா. விடுங்க" என்பாள் மாடத்தி.

இஸ்மாயிலிடம் இரண்டு வாரம் தவணை வாங்கிக்கொண்டான். மூணாறு லாரி டிரைவர் ராஜனிடம் சொல்லிவிட்டிருந்த பாசியும் பெரணியும் சாக்கில் வந்து இறங்கின. ராஜன் அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"அந்த பங்களாவுக்கு நான் எத்தனையோ தடவை லோடு இறக்கியிருக்கேண்ணே. சுவத்துக்குச் சுண்ணாம்புதானே அடிச்சிருக்கு. பலகையே கிடையாதே."

உள்ளேயிருந்து மாடத்தியின் குரல் வந்தது. "நீ சமையக்கட்டுப் பக்கம் பாத்திருப்ப தம்பி. ஹாலைப் பாத்தியா?"

"இல்லக்கா."

"பின்ன?"

மெல்லிய மரச்சட்டம் அடித்து, அதற்குள் பாசியைத் திணித்து, பெரணியைத் தொங்கவிட்டான். அறை பச்சையாகிவிட்டது. தவணை முடிந்து வந்த இஸ்மாயில்கூட வாயடைத்துப்போய், பாசிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தைத் தடவிய கையைப் பார்த்தார். வெள்ளை ஜிப்பாவில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்! என் நெஞ்சு வெடிச்சிருச்சு!"

"வெடிக்கல மொதலாளி. அட்டை."

சாக்கோடு மூணாறு அட்டைகளும் வந்திருந்தன. ஒன்று கழுத்தில், இரண்டு எங்கே என்று சொல்ல இஸ்மாயிலுக்கு வெட்கமாக இருந்தது. போகும்போது சொன்னார்: "மே மாசம் ஒண்ணாம் தேதி எனக்கு என் சுவரு வேணும். பழையபடி. காடு இல்லாம."

உப்பு தூவி அட்டையைக் கொன்றான். உப்பு பட்டுப் பாசி செத்தது. ஏப்ரல் வெயிலில் நாலே நாளில் அது தேங்காய் நார் போலாகிவிட்டது. பலகை அடைத்த அறை அடுப்பு மாதிரி கொதித்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடுக்கதவு வரை வந்த மாடத்தி எட்டிப் பார்த்தாள். நிற்க முடியவில்லை. அவள் கை அவன் தோளில் ஒரு துணியைப் போட்டதுபோல இருந்தது.

"மலைன்னா குளிரணும்ல?"

"குளிர வைக்கேன்."

"மேலயும் இன்னும் பலகை அடிக்கலியே?"

"அடிக்கேன்."

இடக்கொச்சி ஐஸ் பிளான்டிலிருந்து ஒரு பாளத்தை உந்துவண்டியில் வரவழைத்தான். மீனுக்குப் போடுகிற ஐஸ். அறை குளிர்ந்தது. கூடவே அயிலை மணம் வந்தது. மணத்துக்குப் பூனைகள் வந்தன. மட்டாஞ்சேரியில் இத்தனை பூனைகள் இருப்பது அவனுக்கு அதுவரை தெரியாது. துரை பங்களாவின் ஜன்னலில் ஏழு பூனைகள் உட்கார்ந்து பெரணிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால் பலகையெல்லாம் ஈரத்தில் உப்பியிருந்தது. ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழுந்தன. 'ஈரம் படக் கூடாது' என்று பலகையே சொல்லியிருந்ததுதான். இசக்கிமுத்து தலையில் கை வைத்தபடி உள்ளே போய் உட்கார்ந்தான்.

"எல்லாம் போச்சு புள்ள. மூணு சுவரும் பேந்துபோச்சு."

மாடத்தியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இரண்டு மாதத்தில் அவன் பார்க்காத வெளிச்சம்.

"அப்போ எல்லாத்தையும் முதல்லயிருந்து அடிக்கணுமா?"

"ஆமா."

"அடிங்க" என்றாள்.

அடித்தான். கோடுகள் ஒன்பதாயின, ஆறாயின, நாலாயின. அவளோ மெலிந்துகொண்டே வந்தாள். நோய் விட்டுப் போகும்போது உடம்பு அப்படித்தான் மெலியும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். மாடத்தியைச் சேச்சி, சேச்சி என்று கூப்பிடும் கமலாக்ஷி அவள் துணிகளைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக் கொடுத்தாள். அதையும் அவன் அக்கம்பக்கத்து அன்பு என்றே எடுத்துக்கொண்டான். பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போய், "நாலு டாக்டர்! நேத்து நாலே நாலு!" என்றான். டாக்டர் அவன் தோளில் கை வைத்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. மேல்பலகையில் ஒரு மூலை பாக்கி. மத்தியானத்துக்கு ஐஸ் சொல்லியிருந்தான். காலையிலிருந்து விடாமல் அடித்தான். சாக்பீஸ் சட்டைப் பையிலேயே கிடந்தது. கடைசி ஆணி இறங்கியதும் சுத்தியலைக் கீழே வைத்தான். வீடு அமைதியாக இருந்தது. அடுத்த வீட்டு உலக்கைகூடத் தொடங்கவில்லை.

"மாடத்தி! பங்களா முடிஞ்சுது! இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல, பாத்தியா?"

நடுக்கதவைத் திறந்தான். பின்வாசல் வழியே ஓடி வந்த கமலாக்ஷி கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றிருந்தாள். மாடத்தி இரண்டு கைகளாலும் துண்டை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பிடி மட்டும் தளர்ந்திருந்தது.

வாசலில் உந்துவண்டிக்காரன் மணி அடித்தான். "சேட்டா, ஐஸ் எவிடெ வைக்கணும்?"

மூணாறிலிருந்து அவள் தம்பி வந்து சேர மறுநாள் ஆகும். அதுவரை அவளை முன்ரூமில் கிடத்தினார்கள். ஐஸ் வீணாகவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் அவளைப் பார்த்தார்கள். பிறகு மேலே பார்த்தார்கள். "நல்ல குளிர்ச்சியா இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். ராஜன் வந்து பலகைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஹாலை நான் பாக்கலதான்" என்றான்.

பதினாறு முடிந்தது. இஸ்மாயில் சுவரைக் கேட்டு வரவில்லை. இசக்கிமுத்துவே ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தான். இரண்டாவது நாள் கமலாக்ஷி ஒரு கிளாஸ் சாயாவோடு வந்தாள். அவன் அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினான்.

"நீயே பாரு தங்கச்சி. இது நாப்பத்தாறு. மரம் அடிச்சப்புறம் பதினொண்ணு. இந்தா ஆறு. இது நாலு. கடைசி நாள் ஒண்ணுமில்ல, வெறும் சுவரு. கணக்குப்படி அவ எந்திரிச்சு நடந்திருக்கணும். நான் எங்க தப்பா எண்ணினேன்?"

கமலாக்ஷி கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அவள் கையிலிருந்த சாயாவை வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றினான்.

"இப்பல்லாம் உன் உரல் சத்தமே கேக்கலியே. புட்டு சாப்பிடுறத விட்டுட்டியா?"

"அந்த உரல்ல ஒரு நாளும் அரிசி கிடந்ததில்ல சேட்டா" என்றாள் கமலாக்ஷி. "சேட்டன் ஆணி அடிக்கிறது நிக்கும்போ இருமல் கேட்டுடக் கூடாதுன்னு, வெறும் உரலை இடிக்கச் சொன்னது சேச்சியாக்கும்."