இருபத்தொன்பதாம் தேதி யார் தெருத் தண்ணீர்?

இந்தச் செஞ்சியில் என்னை அதிகம் அழவைத்த ஆள் யார் என்று கேட்டால், கட்டின புருஷனைக்கூடச் சொல்ல மாட்டேன். எங்கள் தண்ணீர்க்காரர் வால்வைத்தான் சொல்வேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். இருபது வருஷமாக அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

சிங்கவரம் போகிற ரோட்டில் எங்கள் குடியிருப்பு. இரண்டே தெரு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு போர்வெல், ஒரு மேல்நிலைத் தொட்டி. மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, காலையில் வால்வைத் திறந்துவிடுவது அவர் வேலை. அவர் வகுத்த சட்டம் எளிமையானது. ஒற்றைப்படைத் தேதியில் முதல் தெருவுக்குத் தண்ணீர், இரட்டைப்படைத் தேதியில் இரண்டாம் தெருவுக்கு. நான் இரண்டாம் தெரு. என் தலையெழுத்து அங்கேதான் ஆரம்பித்தது.

மாதத்துக்கு முப்பது நாள் என்றால் தொல்லையில்லை. முப்பத்தொன்று வந்தால்தான் வினை. முப்பத்தொன்றும் ஒற்றை, மறுநாள் ஒன்றாம் தேதியும் ஒற்றை. முதல் தெருக்காரர்கள் இரண்டு நாள் தொடர்ந்து வாசல் கழுவி, வண்டி கழுவி, வேலை இல்லாமல் வேப்பமரத்தையும் கழுவுவார்கள். எங்கள் தெரு குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். டிசம்பர் முடிந்து ஜனவரி பிறக்கும்போதெல்லாம் இதே கதிதான். இரண்டாம் தெருவில் புத்தாண்டு எப்போதும் குளிக்காமலேதான் பிறக்கும்.

தேதியை விடுங்கள் அண்ணே, ஒரு நாள் அவர்களுக்கு, ஒரு நாள் எங்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் வால்வைத் திருகும் நீள இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நேத்து எந்தத் தெருவுக்கு வுட்டேன்னு எவன் தங்கச்சி ஞாபகம் வெச்சிக்கிறது? தேதின்னா செவுத்துல தொங்குது."

சுவரில் தொங்கியது மோட்டார் அறையின் தினசரி காலண்டர். தண்ணீர் விட்டு வால்வை மூடிய பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பார். கிழிக்காதவரை அந்த நாள் முடியவில்லை என்று அர்த்தம். ஒரு தடவை எங்கள் தெரு ஆள் ஒருவர் திருட்டுத்தனமாக ஒரு தாளைக் கூடுதலாகக் கிழித்துவிட்டார். விடிந்ததும் எங்கள் குழாயில் தண்ணீர் கொட்டியது. முதல் தெரு மொத்தமும் செல்போனைத் தூக்கிக் காட்டிச் சண்டைக்கு வந்தது. வால்வு அசரவில்லை. உங்கள் போனெல்லாம் ஒரு நாள் பின்னால் ஓடுகிறது, கடையில் கொடுத்துப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் போன லீப் வருஷத்தில் நான் மாட்டிக்கொண்டேன். மார்ச் ஒன்றாம் தேதி என் மகளுக்கு வீட்டில் வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் திருவண்ணாமலையிலிருந்து முதல் நாள் காலையிலேயே வந்து தங்குகிறார்கள். பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள், அன்று எங்களுக்குத் தண்ணீர், மறுநாள் ஒன்று, ஒரு நாளைச் சமாளித்துவிடலாம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில்தான், இந்த வருஷம் இருபத்தொன்பது உண்டே என்று ஒருத்தி சொன்னாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்பது ஒற்றை, ஒன்றும் ஒற்றை. எங்கள் வீட்டுத் தரைத் தொட்டியோ ஒரு நாளைக்கே மூச்சுத் திணறும். வீடு நிறைய விருந்தாளிகள், குழாயில் காற்று. மகள் மாமியார் முன்னால் என் மானம் போய்விடும்.

வால்வைத் தேடி ஓடினேன். இருபத்தொன்பது என்பது சும்மா இடையில் செருகின நாள், அதை மட்டும் எங்களுக்கு விடுங்கள் என்று கெஞ்சினேன். எதற்குச் செருகினார்கள் என்று கேட்டார். நானும் புத்திகெட்டுப்போய் விளக்க உட்கார்ந்தேன்.

பூமி சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற முந்நூற்று அறுபத்தைந்து நாள் போதாது, கூடக் கால் நாள் ஆகிறது. அந்தக் கால் நாளை விட்டுக்கொண்டே போனால் நாலு வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் காலண்டர் சூரியனை முந்திக்கொண்டு ஓடிவிடும். சில நூறு வருஷம் போனால், கோட்டை மலைப் பாறை கொதிக்க வேண்டிய மே மாதம் மார்கழிப் பனியில் வந்து நிற்கும். அதனால்தான் நாலு காலையும் சேர்த்து முழு நாளாக்கி பிப்ரவரியில் வைத்தார்கள். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். உண்மையில் அது முழுக் காலும் இல்லை, சில நிமிஷம் குறைவு, அதைச் சரிக்கட்ட நூற்றாண்டு முடிகிற வருஷங்களில் இந்த நாளை விட்டுவிடுவார்கள், நானூறால் வகுபட்டால் மட்டும் விடமாட்டார்கள், அதனால் 2000-இல் இருந்தது, 2100-இல் இருக்காது என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அவர் நெடுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப வளகாப்ப 2100-ல வெச்சிக்கயேன் தங்கச்சி. தொல்ல இருக்காது."

அழுகையும் கோபமுமாக வீட்டுக்கு வந்தேன். இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் அவரே வந்து கதவைத் தட்டினார். யோசித்துப் பார்த்தாராம். அந்த நாள் நாலு வருஷத்துக் கால் நாள்களைச் சேர்த்து வந்தது. அந்த நாலு வருஷமும் இரண்டு தெருவும்தான் வாழ்ந்தது. ஆகவே இருபத்தொன்பது யாருக்கும் தனிச் சொத்து இல்லை, பொது.

மறுநாள் காலை இரண்டு வால்வையும் ஒன்றாகத் திறந்துவிட்டார். மேல்நிலைத் தொட்டிக்கு இரண்டு தெருவைத் தாங்க ஏது வேகம்? எந்தக் குழாயிலும் தண்ணீர் விரல் தடிமனுக்குக்கூட வரவில்லை. இரண்டு தெருவும் குடத்தோடு என் வாசலில் வந்து நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம், அந்தம்மாதான் கணக்குச் சொன்னாங்க என்று கையைக் காட்டிவிட்டாராம். சம்பந்தியம்மா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் வால்வு என் கையில் கிடைத்திருந்தால் சாவியைப் பிடுங்கி அவரையே இறுக்கி மூடியிருப்பேன்.

வளைகாப்பு அன்று விடிந்தபோது வீட்டுத் தொட்டியின் அடி தெரிந்தது. தண்ணீர் லாரிக்குப் போன் போட்டால் மத்தியானம்தான் வருமாம். சோற்றுக்கு உலை வைக்கவே தண்ணீர் இல்லை. கொல்லைப்புறத்தில் மகள் பார்க்காத இடமாகப் பார்த்து நின்று அழுதேன்.

அப்போது தெருவில் சத்தம். போய்ப் பார்த்தால், முதல் தெருவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வால்வு ஒரு நீளக் குழாயை இழுத்துக்கொண்டு வருகிறார். இரவல் குழாய்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம், இணைப்புக்கு இணைப்பு சைக்கிள் ட்யூப் வைத்துக் கட்டியிருந்தது. பின்னாலேயே அவர் மனைவி, வீட்டில் ஒரு குடம்கூடப் பிடிக்கவில்லையே, ஊருக்கெல்லாம் ஊற்ற வந்துட்டியா என்று திட்டிக்கொண்டே வந்தார். வால்வு எதையும் காதில் வாங்காமல் குழாயை என் தொட்டிக்குள் விட்டார்.

"இன்னிக்கு ஒண்ணு. எங்க தெரு மொற. இது எங்க வூட்டுப் பங்கு, நான் யாருக்கு வேணா குடுப்பேன். சட்டத்துல தப்பு கெடையாது."

கட்டுப்போட்ட இடமெல்லாம் தண்ணீர் பீய்ச்சியது. அதைக் கையால் அழுத்திப் பிடித்தபடி, தொட்டி நிறையும்வரை தெப்பலாக நனைந்து நின்றார். சாப்பிடக் கூப்பிட்டேன். ஈரத்தோடு சபையில் உட்கார மாட்டேன் என்றார். பிறகு, "எங்க வூட்ல இன்னிக்கி அடுப்பு எரியாது. எல்லாருக்கும் சோறு கட்டிக் குடுத்துடு" என்று அதட்டலாகச் சொன்னார். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தூக்கு நிறையப் போட்டுக் கொடுத்தேன்.

போன மாதம் குடியிருப்போர் கூட்டம். வால்வுக்கு வயதாகிவிட்டது, அடுத்த லீப் வருஷத்துக்குள் ஒரு டைமர் போட்டுவிடலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதுவே திறந்து அதுவே மூடிக்கொள்ளும் என்றார்கள். இரண்டாம் தெரு முழுக்கக் கை தூக்கியது. நான் மட்டும் எழுந்து, அந்த டைமர் குழாயைப் பிடித்துக்கொண்டு நனைந்து நிற்குமா என்று கேட்டேன்.